நீச்சல் நாய் வாங்கும் முன்னால் தொட்டிக்குப் படி கட்டுங்கள்

என் அண்ணன் மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஆனைமலைப் பக்கம் மூன்று ஏக்கர் தோப்பு வாங்கி, உள்ளே சின்ன வீடும் பம்புசெட் தண்ணீர் விழ ஒரு பெரிய தொட்டியும் கட்டியிருக்கிறான். போன மாசம் போன் பண்ணினான்.

"அத்தை, தண்ணியில நல்லா நீந்தற நாய் எதுங்க? குழந்தைக ரெண்டும் தொட்டியை விட்டு ஏறவே மாட்டேங்குதுங்க. கூட ஒரு நாயும் இருந்தா நல்லா இருக்கும்னு பாக்கறேன்."

"தொட்டிக்குப் படி இருக்குதா கண்ணு?"

"ஏணி இருக்குதுங்க. ஸ்டீல் ஏணி."

"நாய் ஏணி ஏறுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அன்றைக்கு அவனிடம் முக்கால் மணி நேரம் பேசியதைத்தான் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் நாய் வியாபாரியும் இல்லை, டாக்டரும் இல்லை. உடுமலைப்பேட்டை பக்கத்தில் தென்னந்தோப்பு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் நாய் இல்லாத வருஷம் கிடையாது. அதில் ஒன்று கிணற்றில் விழுந்தது. ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வராது. ஒன்று மழை தூறினாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கிணற்றில் விழுந்தது வெள்ளையன். ராஜபாளையம். பால் நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நின்றால் கன்றுக்குட்டி உயரம். ஒரு சாயங்காலம் கீரியைத் துரத்திக்கொண்டு ஓடியவன் திருப்பத்தில் காலை ஊன்ற முடியாமல் அப்படியே உள்ளே போய்விட்டான். எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு. ஒரு பக்கம் கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்குத் தண்ணீர் கடைசிப் படிக்குக் கீழே ஓர் ஆள் உயரத்தில் கிடந்தது. நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது அவன் நீந்திக்கொண்டுதான் இருந்தான். ஆனால் எப்படி? முன்னங்கால் இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்து வந்து படபடவென்று அடிக்கிறது. பின்பாதி முழுக்கத் தொங்குகிறது. உடம்பு செங்குத்தாக நிற்கிறது. சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்து பாறையைப் பிராண்டுகிறான். மாமனார் கயிற்றுக் கட்டிலை நாலு மூலையிலும் கயிறு கட்டி இறக்கச் சொன்னார். கட்டில் பக்கத்தில் வந்தாலும் அதில் ஏறத் தோன்றவில்லை அவனுக்கு. கடைசியில் தோப்பு வேலைக்கு வந்திருந்த அண்ணன் ஒருவர் குதித்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் போட்டார். மேலே வந்த பிறகு அரைமணி நேரம் நடுங்கிக்கொண்டே கிடந்தான். அதற்கப்புறம் சாகும் வரை, குளிப்பாட்ட ஓஸ் பைப்பை எடுத்தாலே காணாமல் போய்விடுவான்.

ராஜபாளையத்துக்கு நீந்தத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தண்ணீரில் போட்டால் அநேகமாக எல்லா நாயும் காலை அடிக்கும். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் பார்வையால் வேட்டையைக் கண்டு, ஓடிப் பிடிக்கிற ஜாதி. ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெல்லிய தோல், ஒட்ட வெட்டினது போன்ற மயிர், உடம்பில் கொழுப்பே கிடையாது. கரையில் அதெல்லாம் அழகு. தண்ணீரில் மிதக்க உதவாது, குளிரும் சீக்கிரம் ஏறிவிடும். 2005இல் தபால்துறை இந்திய நாய்களுக்கு நான்கு தபால்தலை போட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். அத்தனை பெருமையுள்ள நாய்தான். தோப்புக் காவலுக்கு அதைவிட நல்ல நாய் எனக்குத் தெரியாது. நீச்சலுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

அதனால்தான் முதல் கேள்வியே தண்ணீரைப் பற்றி. உங்களிடம் இருப்பது என்ன தண்ணீர்? தொட்டியா, குளமா, வாய்க்காலா, கடலா?

வாய்க்கால் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். எங்கள் ஊர் வழியாகப் போகும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் கரை ததும்ப ஓடும். பார்க்க எருமை கூட இறங்கலாம் போல இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் போட்டு, அதில் பாசி படிந்து கிடக்கிறது. இறங்கின நாய்க்கு நகம் பதியாது. நன்றாக நீந்துகிற நாயும் ஏற இடமில்லாமல் நீந்தி நீந்தியே ஓய்ந்துபோகும். அமராவதி அணை என்றால் இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம், அங்கே முதலை இருக்கிறது.

குளம் குட்டை பரவாயில்லை, கரை தானாகச் சரிந்து போகும். ஆனால் கோடையில் வற்றிப் பச்சைப் பெயிண்ட் ஊற்றினது போல நிற்கும் தண்ணீரில் விடாதீர்கள். அந்தப் பச்சைப் பாசியில் சில வகை விஷம், நாயின் ஈரலையும் நரம்பையும் தாக்கும். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நீந்துகிற நாய்க்கு இந்தத் தடுப்பூசி வருஷா வருஷம் தவறக்கூடாது. டாக்டரிடம் "நாய் தண்ணியில இறங்கும்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

தொட்டிதான் நல்லது, படி இருந்தால். என் வீட்டுக்காரர் எங்கள் தொட்டியின் ஒரு மூலையில் அரையடி உயரம், ஒன்றரையடி அகலத்தில் ஐந்து படி கட்டி, மேலே சொரசொரப்பாகப் பூசிவிட்டார். படி தண்ணீருக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். நாய் நீந்தி வரும்போது முன்னங்காலில் முதலில் படி தட்டுப்பட வேண்டும். சொட்டு நீருக்கு உரம் கரைக்கும் தொட்டி தனியாக, மூடியோடு இருக்கட்டும். மோட்டார் ஓடும்போது நாயும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம். கரண்ட் கசிவது கண்ணுக்குத் தெரியாது.

சரி, ஜாதிக்கு வருவோம்.

நம் ஊரில், நம் வெயிலில், நடுத்தரக் குடும்பத்துக்கு நீச்சல் நாய் என்றால் லாப்ரடார்தான். சுவாரசியமில்லாத பதில் என்று தெரியும். ஆனால் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. இதன் மூதாதை, இன்று கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு படகில் போன நாய். வலையிலிருந்து நழுவின மீனைக் கவ்விக்கொண்டு வரும், கயிற்றை நீந்திக் கொண்டுபோய்க் கொடுக்கும். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், பிரபுக்கள் சுட்ட வாத்தைக் குளத்திலிருந்து எடுத்து வரும் வேலைக்கு வளர்க்கப்பட்டது. அங்கே நாய் ஜாதிகளைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இதைத் தனி ஜாதியாக ஏற்றுக்கொண்டது 1903இல். ஆக, தண்ணீரில் இறங்கு, ஒரு பொருளைக் கவ்வு, திரும்பக் கொண்டுவா என்பது அதன் ரத்தத்தில் இருக்கிற வேலை. நாம் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான்.

உடம்பிலும் அது தெரியும். வால் அடியில் பருத்து நுனியில் மெலிந்து நீர்நாய் வால் போல இருக்கும். தண்ணீரில் அதுதான் சுக்கான். மயிர் இரண்டு அடுக்கு. மேலே முரடு, அதை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு போல நெருக்கமாக இன்னொன்று. லேசான எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் ஊற்றினால் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்தது போலப் பாதி உருண்டு ஓடிவிடும்.

விரலிடைச் சவ்வு என்று ஒன்று சொல்வார்கள். லாப்ரடாருக்கு அது நன்றாகவே உண்டு. ஆனால் எல்லா நாய்க்கும் விரலுக்கிடையில் கொஞ்சம் சவ்வு இருக்கும். புரோக்கர் ஒருவர் குட்டியின் பாதத்தை விரித்துக் காட்டி "பாருங்க மேடம், வாத்துக் கால்" என்றார். அது பாதி பீகிள்! பாதத்தைப் பார்த்து நாய் வாங்காதீர்கள்.

அடுத்தது கோல்டன் ரெட்ரீவர். ரெட்ரீவர் என்றால் சுட்ட பறவையை எடுத்து வரும் நாய். ஸ்காட்லாந்தில் 1868இல் ஒரு மஞ்சள் ரெட்ரீவரையும், இப்போது அழிந்துபோன ஒரு நீர் ஸ்பானியல் வகையையும் சேர்த்துத் தொடங்கிய வம்சம். தண்ணீர் ஆசையில் லாப்ரடாருக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. குணத்தில் இன்னும் மென்மை. ஆனால் அந்த மயிர்! தங்கை வீட்டுக் கோல்டனை ஒரு ஐப்பசி மாசம் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காலையில் தொட்டியில் குதித்தது சாயங்காலம் வரை காயவில்லை. மூன்றாம் நாள் காதுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு மயிர் உதிர்ந்து, சீழும் நீருமாகப் புண். மேலே மயிர் மூடியிருந்ததால் நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். தினமும் துவட்டி, டிரையர் போட்டு, சீப்பெடுத்து வார வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள். மழைக் காலத்தில் அடைமழை ஊரென்றால் யோசியுங்கள்.

காக்கர் ஸ்பானியலும் நீந்தும். காது தரையைப் பெருக்கும் அளவுக்குத் தொங்குவதால் தண்ணீர் உள்ளே போனால் காற்றுப் படாமல் காதில் சீழ் பிடிக்கும். நான் வளர்த்ததில்லை, வளர்த்த வீட்டில் மாசத்துக்கு ஒருமுறை காது மருந்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பூடில் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், பெரிய பூடில் அசல் தண்ணீர் நாய். பெயரே ஜெர்மன் மொழியில் தண்ணீரை அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இடுப்பைச் சிரைத்து நெஞ்சிலும் மூட்டிலும் மட்டும் பந்து பந்தாக மயிர் விடுவதும் முதலில் அலங்காரமில்லை. நீந்தும்போது பாரம் குறைய வேண்டும், ஆனால் நெஞ்சும் மூட்டும் குளிரக்கூடாது, அதற்காகச் செய்தது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது குட்டை வகை. அதற்குத் தொட்டி எதற்கு, ஒரு பேசினே போதும்.

நெட்டில் தேடினால் இன்னும் நாலு பெயர் வரும். செசபீக் பே ரெட்ரீவர், 1807இல் அமெரிக்காவின் மேரிலாந்து கரையோரம் உடைந்த கப்பலிலிருந்து காப்பாற்றிய இரண்டு குட்டிகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நாய். போர்ச்சுகீசிய நீர் நாய், 2009இல் ஒபாமா குடும்பம் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனார்களே, அதுதான். இரண்டும் நன்றாக நீந்தும். இங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம், கிடைத்தாலும் அசல்தானா என்று சொல்ல ஆள் வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து என்கிற நாய் கடலில் மூழ்குகிற ஆளையே இழுத்து வரும். ஆண் நாய் 60, 70 கிலோ, கரடி போல மயிர். பனிக்கடலுக்குப் படைத்த அந்த உடம்பை 38 டிகிரி வெயிலில் கட்டிவைப்பது பாவம். யாராவது வாங்கிக் கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி, தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாதவை. பக், புல்டாக், பிரெஞ்ச் புல்டாக். சப்பை மூக்கு, கனத்த தலை, குட்டைக் கால். மூக்கைத் தண்ணீருக்கு மேல் வைக்கத் தலையை நிமிர்த்தினால் பின்பக்கம் இறங்கிவிடும். கரையில் நடக்கும்போதே மூச்சிரைக்கிற நாய் தண்ணீரில் என்ன செய்யும்? டேஷண்டும் பேசட் ஹவுண்டும் நீண்ட உடம்பு, கட்டைக் கால். அவையும் சீக்கிரம் களைத்துவிடும். பக் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தொட்டிக்கு வேலி போடுங்கள்.

அல்சேஷன் நடுவில் நிற்கிற நாய். சில நாய் குதிக்கும், சில நாய் கரையில் நின்று குழந்தைகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். டாபர்மேனுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் நடுங்கும். பீகிள் நீந்தும், ஆனால் கரையில் ஒரு வாசனை வந்தால் நீச்சலை மறந்து போய்விடும்.

நம் தெருநாயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் செவலை, எந்த ஜாதி என்று அதன் அம்மாவுக்கே தெரியாது, சித்திரை மாசம் மத்தியானம் தானாகத் தொட்டிப் படியில் இறங்கி, ஒரு சுற்று நீந்திவிட்டு ஏறிப் போகும். யாரும் கூப்பிட்டதில்லை, சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஒற்றை அடுக்கு மயிர், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். நம் வெயிலுக்கு ஏற்ற உடம்பு. ஆசையுள்ள ஒன்று அமைந்தால் அதைவிட வசதி வேறில்லை. அமையுமா என்பது குட்டியிலேயே தெரியாது, அதுதான் சிக்கல். ஜாதி என்பது நிகழ்தகவு மாதிரி. லாப்ரடார்க் குட்டி பத்தில் பெரும்பாலானவை தண்ணீருக்குப் போகும், எல்லாமே போகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மழைக்குக் கட்டிலடியில் ஒளிந்தது என்று சொன்னேனே, அது லாப்ரடார்தான்.

குட்டி எடுக்கப் போகும்போது நான் பார்ப்பது மூன்று. முதலில் அம்மா நாய். அது உண்மையில் தண்ணீரில் இறங்குகிற நாயா என்று கேளுங்கள், முடிந்தால் கண்ணால் பாருங்கள். அம்மாவையே காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். இரண்டாவது, அப்பா அம்மா இருவரின் இடுப்பு மூட்டு. லாப்ரடாருக்கும் கோல்டனுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு வம்சத்திலேயே வரும். எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாதிப்பேர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சென்னையில் இருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பேப்பர் இருந்தால் வம்சாவளி தெரியும். ஆனால் பேப்பர் இருப்பதாலேயே மூட்டு நன்றாக இருக்கும் என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு.

மூன்றாவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அகலமான ஒரு பிளாஸ்டிக் பேசினை வெயிலில் வைத்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெதுவெதுப்பானதும் குட்டிகள் நடுவில் வைக்கச் சொல்வேன். நாம் தூரப் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இப்போது எங்களிடம் இருக்கும் லாப்ரடார் சீனியை எடுத்தபோது எட்டுக் குட்டி. இரண்டு கிட்டேயே வரவில்லை. நாலு வந்து நக்கிக் குடித்துவிட்டுப் போயின. ஒன்று முன்னங்காலை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஒன்று மட்டும் நேராக உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீரைக் காலால் அடித்து, தெறித்ததைப் பார்த்துக் குரைத்தது. அப்புறம் வேறு குட்டியை நான் பார்க்கவே இல்லை. குட்டியைத் தூக்கித் தண்ணீரில் போட்டுக் காட்டுகிற ஆளிடம் பேச்சே வேண்டாம். ஒரு தடவை பயந்த குட்டி வெள்ளையன் மாதிரித்தான் ஆகும். எட்டு வாரம் முடியும் முன் குட்டியைப் பிரித்து எடுக்கவும் கூடாது.

ஊசியெல்லாம் போட்டு முடித்த பிறகு, நாலு மாசம் வாக்கில், முதல் நீச்சல். நாங்கள் சின்ன வயசில் கிணற்றில் நீச்சல் பழகியது இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு. நாய்க்கு இப்போது லைஃப் ஜாக்கெட்டே வந்துவிட்டது. முதுகில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதுதான் உயிர்ப்பிடி. முதல் நாள் நானும் படியில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். சீனி முதல் படி, இரண்டாம் படி, வயிறு நனைந்தது, நின்றுவிட்டது. விட்டுவிட்டேன். மூன்றாம் நாள்தான் கால் தரையை விட்டது. விட்டதும் எல்லாக் குட்டியும் செய்கிற தப்பு, முன்னங்காலை மட்டும் அடிக்கும், பின்பாதி இறங்கும். அடிவயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பின்பக்கத்தை மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் பின்னங்காலும் தானாக உதைக்க ஆரம்பிக்கும். அந்த உதை கையில் தெரிந்தவுடன் மெல்லக் கையை எடுக்கலாம். அப்புறம் படியிருக்கும் மூலைக்கு நாலைந்து தடவை திருப்பி விட்டு, வழி இதுதான் என்று பதிய வைக்க வேண்டும். நீந்தக் கற்பதைவிட இது முக்கியம். பல நாய் இறங்கின இடத்திலேயே ஏறப் பார்க்கும்.

சீனி நன்றாகப் பழகிய பிறகு நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். லீவுக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ரப்பர் பந்தை எறிவதும் அவள் எடுத்து வருவதுமாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. பந்தைக் கவ்வ வாயைத் திறந்துகொண்டே போகிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு உள்ளே போகிறது. அது எங்களுக்குத் தெரியவில்லை. மேலே வந்தவள் தண்ணீராக வாந்தி எடுத்தாள். வயிறு பானை மாதிரி. எழுந்து நடந்தால் பின்னங்கால் பின்னிக்கொள்கிறது, கண் எங்கோ பார்க்கிறது. கிடைத்த காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் மூளை வீங்கியிருக்கும் என்றார் டாக்டர். ராத்திரி அங்கேயே இருந்து காலையில்தான் கூட்டிவந்தோம். தண்ணீரால் நாய்க்கு வருகிற ஆபத்து மூழ்குவது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து பத்து நிமிஷம் நீச்சல், பத்து நிமிஷம் நிழல், மூத்திரம் போக வைத்துவிட்டு மறுபடி. உருண்டைப் பந்து கிடையாது. தட்டையாக, வாயை அதிகம் திறக்காமல் கவ்வக்கூடிய பொருள்தான். தேங்காய் மட்டையில் ஒரு கீற்று நன்றாக மிதக்கும், தோப்பில் பஞ்சமும் இல்லை. ஆனால் கொண்டுவந்ததும் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும். கடித்து நாரை விழுங்கினால் அது வேறு செலவு.

மார்கழியில் ஒருநாள் குளிர்ந்த தண்ணீரில் நிறைய நீந்திவிட்டு மறுநாள் எழுந்தபோது சீனியின் வால் அடியிலிருந்து ஓர் அங்குலம் நேராக நின்று, மீதி ஈரவேட்டி போலத் தொங்கியது. தொட்டால் முனகினாள். வால் உடைந்துவிட்டதென்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு சண்டைக்குப் போய்விட்டார். உடையவில்லை. அதிகமாக நீந்தினால், குளிர்ந்த தண்ணீரில் கிடந்தால், வாலடிச் சதை பிடித்துக்கொள்ளுமாம். லாப்ரடாருக்கு இது சகஜம். ஓய்வு கொடுத்ததில் ஐந்தாம் நாள் மறுபடி ஆட்டினாள்.

ஏறி வந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், குளோரின் போட்ட நீச்சல் குளமென்றால் கட்டாயம். பழைய வேட்டித் துணியால் காதின் உட்புறத்தை எட்டுகிற மட்டும் துடையுங்கள், குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளே விடாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிக் காயப் போடுங்கள், அதற்கடியில்தான் முதலில் புண் வரும். நீந்தின உடனே வயிறு நிறையச் சோறு போடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மத்தியானத்தில் தொட்டி விளிம்பு சிமெண்டில் உங்கள் உள்ளங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். காலையும் சாயங்காலமும்தான் நல்லது.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் மகன், "அப்போ லாப் குட்டிதானுங்களா அத்தை?" என்றான். வளர்ந்த நாயையும் யோசித்துப் பார் என்றேன். குட்டியாக இருக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, அபார்ட்மெண்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் விட்டுவிடும் லாப்ரடார்கள் கோயம்புத்தூரில் நிறைய. வளர்ந்த நாயென்றால் குணம் தெரிந்துவிடும், மூட்டைக் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடலாம், தண்ணீருக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். குட்டியில் இந்த வசதி எதுவும் இல்லை.

முதலில் படி கட்டினான். இரண்டு வாரம் கழித்து, மூன்று வயசு ஆண் லாப்ரடார் ஒன்று கிடைத்தது. கருப்பு. வைத்திருந்தவர்கள் வீடு மாறுகிறார்களாம். சாப்பிட்டுச் சாப்பிட்டு 41 கிலோ. முறையாக 36க்கு மேல் இருக்கக்கூடாது. ஒத்திகை பார்க்க என் தொட்டிக்கே கூட்டிவந்தான். படியைப் பார்த்ததும் கருப்பன் தயங்கவே இல்லை, இரண்டாம் படி வரை இறங்கினான். வயிறு தண்ணீரில் பட்டது. அப்படியே உட்கார்ந்தான். சீனி அவனைச் சுற்றி நாலு வட்டம் நீந்தினாள், மட்டையைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். இருபது நிமிஷம். நகரவில்லை.

"என்னங்க அத்தை, இது நீந்தாது போல இருக்குதே?"

"பயமா இருந்தா இறங்கியே இருக்காது. முதல்ல உடம்பைக் குறைக்கட்டும். அடுத்த வாரமும் கூட்டிட்டு வா, ஜாக்கெட் போட்டுப் பாக்கலாம்."

நேற்று வந்திருந்தார்கள். மூன்றாம் படி.